மலை ஏரி சூடாகிறதா? ஆண்டுக்கணக்கில் அளந்து அறியும் முறை

கரையில் நின்று கைவிட்டுப் பார்த்து ஒரு மலை ஏரி சூடேறிவிட்டதா என்று சொல்லிவிட முடியாது. மேகம் விலகி நல்ல வெயில் அடித்தால் மேல்தண்ணீர் ஒரே பகலில் இரண்டு மூன்று டிகிரி ஏறும்; விடியும்போது பழைய நிலைக்கு வந்திருக்கும். பருவநிலை மாற்றம் கொண்டுவரும் ஏற்றமோ மிக மெதுவானது. உலகின் 235 ஏரிகளில் 1985 முதல் 2009 வரை எடுத்த கோடைக்கால அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு வெப்பம் சராசரியாகப் பத்தாண்டுக்கு 0.34 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. பத்தாண்டு ஏற்றமே ஒரு நாள் ஏற்ற இறக்கத்தில் ஒரு சிறு பங்குதான். அதைப் பிடிக்க ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முறை, குறைந்தது பத்து ஆண்டு வேண்டும். கொடைக்கானல், ஊட்டி, பேரிஜம் போன்ற ஏரிகளில் ஒரு கல்லூரித் துறையோ ஊர் அமைப்போ செய்யக்கூடிய வேலைதான் இது. முதலில் அதைப் பார்ப்போம். நேரில் போக முடியாத இமயமலை ஏரிகளைச் செயற்கைக்கோள் படத்தில் அளப்பது கடைசியில்.

மேலும் கீழும்

ஏரியின் உடல்நிலையைச் சொல்வது மேல்தண்ணீரின் வெப்பம் மட்டுமல்ல. மேலுக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு, அது எத்தனை நாள் கலையாமல் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

தண்ணீர் 4 டிகிரியில் மிகக் கனமாக இருக்கும். அதற்கு மேல் சூடேற ஏறக் கனம் குறையும், ஆனால் சீராகக் குறையாது. அடியில் 4, மேலே 8 டிகிரி உள்ள குளிர் ஏரியில் ஒரு கனமீட்டருக்கு 0.13 கிலோ அளவுக்கே எடை வேறுபடும். அடியில் 16, மேலே 20 டிகிரி உள்ள ஏரியிலும் இடைவெளி அதே 4 டிகிரிதான். எடை வேறுபாடோ 0.73 கிலோ, ஏறக்குறைய ஆறு மடங்கு. வெதுவெதுப்பான ஏரியில் இரண்டு அடுக்கையும் கலக்கக் காற்று அவ்வளவு கூடுதலாகப் பாடுபட வேண்டும். நம் மலை ஏரிகள் இந்த இரண்டாவது வகை. ஆகவே ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட இங்கே இடமில்லை.

இந்த ஏரிகளுக்கு இரவுதான் மூச்சு. இரவில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடித்தண்ணீர் மேலே வந்து ஆக்ஸிஜன் பெறும். இரவுகள் வெதுவெதுப்பானால் இந்தப் புரளல் அரைகுறையாகும். அடித்தண்ணீர் நாள்கணக்கில் மேலே வராமல் கிடக்க, வண்டலில் மட்கும் இலைதழைகள் அங்கிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அது தீர்ந்ததும் வண்டலில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கரைந்து வெளியே வரும். அடுத்து ஒரு பலத்த காற்றில் ஏரி கலந்தால் அந்த உரம் முழுவதும் மேலே ஏறி, நீலப்பச்சைப் பாசி திடீரெனப் படரும். வெளியிலிருந்து ஒரு துளிக் கழிவும் வராவிட்டாலும் இது நடக்கும். மிதவெப்ப மண்டலத்தில் 393 ஏரிகளை ஆராய்ந்ததில் 1980-க்குப் பிறகு மேல்நீரில் 5.5 விழுக்காடும் ஆழ்நீரில் 18.6 விழுக்காடும் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது. அடித்தண்ணீரை அளக்காதவர் பாதிப்பின் பெரிய பாதியைத் தவறவிடுகிறார்.

இடமும் அனுமதியும்

ஏரியின் மிக ஆழமான இடமே அளவிடும் இடம். எடை கட்டிய கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு தடவை இறக்கிப் பார்த்தால் ஒரு பகலில் கண்டுபிடித்துவிடலாம். செயற்கை ஏரிகளில் அது பெரும்பாலும் கரையணைக்கு அருகே, பழைய ஓடையின் தடத்தில் இருக்கும். ஊட்டி ஏரி 1824-லும் கொடைக்கானல் ஏரி 1863-லும் ஓடையை மறித்து உருவாக்கியவை; அந்த ஓடைத் தடத்தை அடியில் தேடலாம். மதகுக்கு மிக அருகே போக வேண்டாம். மதகு திறந்தால் அடித்தண்ணீர் இழுபட்டு அளவு கெடும். நீர்ச்செடிகள் மண்டிய இடத்தையும் தவிர்க்க வேண்டும். நிழலும் தடைபட்ட நீரோட்டமும் அங்கே தனி வெப்பநிலையை உண்டாக்கிவிடும்.

இடத்தை ஜி.பி.எஸ். எண்ணோடு, கரையில் தெரியும் இரண்டு கட்டடங்களையோ பாறைகளையோ நேர்கோட்டில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாண்டில் கைபேசி மாறும், ஆளும் மாறும், பாறை மாறாது. எழுத்தில் அனுமதி பெறாமல் ஏரியில் எதையும் கட்டக்கூடாது. ஏரியைப் பொறுத்து அனுமதி தருவது நகராட்சியாகவோ வனத்துறையாகவோ மின்வாரியமாகவோ இருக்கும். இரண்டு பேருக்குக் குறைவாகப் படகில் போக வேண்டாம். இருவரும் உயிர்காப்பு உடை அணிய வேண்டும்.

வெப்பமானித் தொடர்

நீர்புகா வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் கிடைக்கின்றன. வாங்கும்போது துல்லியம் 0.2 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி மின்னணுத் துறையே செய்துகொள்வதானால் டி.எஸ். 18பி20 உணரி மலிவானது, 0.06 டிகிரி வரை பிரித்துக் காட்டும். ஆனால் அதன் துல்லியம் அரை டிகிரிதான். பிரித்துக் காட்டுவதும் சரியாகக் காட்டுவதும் ஒன்றல்ல. அளவு திருத்தம் செய்யாமல் அதை ஏரியில் இறக்கினால் பத்தாண்டு உழைப்பு வீண். பாதரச வெப்பமானி வேண்டவே வேண்டாம். உடைந்தால் அந்தப் பாதரசம் வண்டலில் தங்கி மீனுக்குள் ஏறும்.

அளவு திருத்தம் இப்படி: காய்ச்சி வடித்த நீரில் உறைந்த கட்டியை நன்றாக நொறுக்கி, ஒரு தெர்மாஸ் குடுவையில் முக்கால்வாசி நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கே காய்ச்சி வடித்த குளிர்நீர் ஊற்றுங்கள். கலக்கிக்கொண்டே பத்து நிமிடம் விட்டால் அது 0.0 டிகிரி. ஒவ்வொரு கருவியும் அங்கே என்ன காட்டுகிறதோ அதுவே அதன் பிழை. கருவி எண்ணோடு எழுதிவையுங்கள். மறுமுனைக்குக் கொதிநீரை 100 டிகிரி என்று எடுத்துக்கொள்வது மலையில் அடிக்கடி நடக்கும் தவறு. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதற்குப் பதிலாக எல்லாக் கருவிகளையும் ஒரே வாளித் தண்ணீரில், ஏரியின் வெப்பத்தை ஒட்டி, ஒரு மணிநேரம் சேர்த்து வைத்து, சான்றிதழ் உள்ள ஆய்வக வெப்பமானியோடு ஒப்பிடுங்கள்.

10 மீட்டர் ஆழமுள்ள இடத்துக்கு எட்டுக் கருவிகள் போதும்: அரை மீட்டர், 1, 2, 3, 4, 6, 8 மீட்டர், பிறகு தரைக்கு அரை மீட்டர் மேலே ஒன்று. மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் வைப்பதற்குக் காரணம், பகல் வெப்பம் முதல் சில மீட்டரிலேயே தங்குவதுதான். 15 முதல் 20 கிலோ எடையுள்ள கான்கிரீட் கட்டியே நங்கூரம். கயிற்றின் மேல்முனையில் ஒரு மிதவை கட்டி, அது நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே நிற்கும்படி விடுங்கள். படகு மோதாது, கண்ணிலும் படாது. ஆனால் இந்தத் தொடர் தரையிலிருந்து அளந்து நிற்பது. கோடையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் 2 மீட்டர் ஆழத்தில் இருந்த கருவி 1 மீட்டர் ஆழத்துக்கு வந்துவிடும். அதனால் அரை மீட்டர், ஒரு மீட்டர்க் கருவிகளைத் தனியாக ஒரு மேற்பரப்பு மிதவையில் தொங்கவிடுங்கள். நீர்மட்டத்தையும் கரையில் நட்ட அளவுகோலில் ஒவ்வொரு தடவையும் படியுங்கள். இதை மறந்தவர்களின் வரைபடத்தில் கோடைதோறும் ஏரி திடீரென்று சூடாகும். உண்மையில் சூடானது ஏரியல்ல, கருவி மேலே வந்தது.

மேல் கருவிகளுக்கு வெள்ளைப் பி.வி.சி. குழாயில் துளை போட்டு உறை மாட்ட வேண்டும். நேர்வெயில் பட்டால் கருவியின் உடலே சூடேறி, தண்ணீரைவிடக் கூடுதலாகக் காட்டும். பதிவு இடைவெளி ஒரு மணிநேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாசியைத் துடைத்து, தரவை இறக்கி, அதே வாளிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். போட்டபோது இருந்த பிழையும் எடுத்தபோது இருக்கும் பிழையும் 0.1 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் அந்தக் கருவியை மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் மூன்று மாதமாவது ஒரே கயிற்றில் ஒன்றாக ஓடவிட்ட பிறகே பழையதை விலக்க வேண்டும்.

கருவி வாங்கப் பணமில்லையென்றால் மீட்டர் குறியிட்ட நீளக் கம்பியுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். மாதம் இருமுறை, காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும், ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு நிமிடம் நிறுத்திப் படியுங்கள். காலை அளவே முக்கியம். இரவில் ஏரி அடிவரை புரண்டதா என்று அதுதான் சொல்லும்: மேலிருந்து கீழ்வரை ஒரே வெப்பம் என்றால் புரண்டது, விடியலிலும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு நின்றால் புரளவில்லை. ஆண்டுக்கு எத்தனை விடியல்களில் ஏரி புரளவில்லை என்ற எண்ணிக்கையை நாங்கள் எல்லாச் சராசரிகளையும்விட உயர்வாக மதிக்கிறோம்.

அடுக்கின் பலத்தைக் கணக்கிட, ஒரு கனமீட்டர் தூய நீரின் எடை: 14 டிகிரியில் 999.24 கிலோ, 16-ல் 998.94, 18-ல் 998.60, 20-ல் 998.21, 22-ல் 997.77. அடித்தண்ணீரின் எடையிலிருந்து மேல்தண்ணீரின் எடையைக் கழியுங்கள். வெப்ப வேறுபாட்டோடு இந்த எண்ணையும் எழுதிவைத்தால், வெவ்வேறு உயரத்தில் உள்ள ஏரிகளை நேர்மையாக ஒப்பிடலாம்.

ஆக்ஸிஜன்

நீரில் கரைந்த ஆக்ஸிஜனைக் காட்டும் மீட்டர் கருவி இருந்தால் அதில் காற்றழுத்தத் திருத்தம் செய்ய வேண்டும். கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும். 2,100 மீட்டர் உயரத்தில் அதே நீர் தாங்குவது 7 மில்லிகிராம்தான். திருத்தாமல் பார்த்தால் நன்றாக இருக்கும் ஏரியும் நோயுற்றதாகத் தெரியும். மலை மீன்களுக்கு இடம் எவ்வளவு குறுகியது என்பதும் இதில் புரியும். நீலகிரி ஓடைகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடப்பட்ட டிரவுட் குளிர்நீர் மீன். 20 டிகிரியைத் தாண்டினால் திணறும். சூடேறிய மேல்தண்ணீரை விட்டுக் கீழே போனால் அங்கே ஆக்ஸிஜன் இல்லை.

மீட்டர் இல்லாவிட்டால் எந்த வேதியியல் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய விங்க்ளர் முறை நம்பகமானது. அடியிலிருந்து நீர் எடுக்கும் சாதனத்தின் ரப்பர் குழாயை 300 மில்லி பி.ஓ.டி. பாட்டிலின் (ஆக்ஸிஜன் சோதனைக்கான கண்ணாடிப் பாட்டில்) அடிவரை விட்டு, இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட விடுங்கள். மேலிருந்து கொட்டினால் காற்று கலந்து அளவு ஏறிவிடும். படகிலேயே மாங்கனீஸ் சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு அசைடு 1 மில்லி சேர்த்து, குமிழி நிற்காமல் மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பு நிற வீழ்படிவு வந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் ஆக்ஸிஜன் இல்லை. ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலம் 1 மில்லி விட்டுக் கரைத்து, 201 மில்லி எடுத்து, ஸ்டார்ச் சேர்த்து 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டைத் துளித்துளியாக விட்டு நீலம் மறையும் வரை தரம்பாருங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்ஸிஜன். அமிலத்துக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தயோசல்பேட் கரைசல் நாள்பட வலுவிழக்கும்; ஒவ்வொரு தடவையும் அதன் செறிவைச் சரிபார்த்துத் திட்டப்படுத்துங்கள்.

தெளிவு

நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க, இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865-ல் கடலில் இறக்கிப் பார்த்த தட்டு முறைதான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 20 செ.மீ. குறுக்களவுள்ள உலோக அல்லது அக்ரிலிக் வட்டத்தை நான்காகப் பிரித்து, மாறிமாறிப் பளபளப்பில்லாத கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு, அடியில் ஒன்றரைக் கிலோ எடை. கயிற்றை ஓரிரவு ஊறவைத்து, எடை கட்டி இழுத்துப் பிடித்த பிறகே 10 செ.மீ.க்கு ஒரு குறி போட வேண்டும். காய்ந்த கயிற்றில் குறித்தால் ஏரியில் நீண்டுவிடும்.

காலை 10 முதல் பிற்பகல் 2 மணிக்குள், படகின் நிழல் விழும் பக்கத்தில், குளிர்கண்ணாடி போடாமல் பாருங்கள். தட்டு மறையும் ஆழம், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் அளவு. இருவர் தனித்தனியே பார்த்து, ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுத வேண்டும். கலிபோர்னியா எல்லையில் 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாஹோ ஏரியில் 1968 முதல் இதே வேலை இடைவிடாமல் நடக்கிறது. அந்த ஆண்டு சராசரித் தெளிவு 31.2 மீட்டர்; அண்மை ஆண்டுகளில் 20 மீட்டரை ஒட்டி நிற்கிறது. அங்கே பயன்படுத்துவது 25 செ.மீ. வெள்ளைத் தட்டு. எந்தத் தட்டானாலும் சரி, தொடங்கியதை நடுவில் மாற்றினால் பழைய எண்ணோடு புதிய எண் ஒட்டாது.

குறிப்பேடு

ஜப்பானில் 759 மீட்டர் உயரத்தில் உள்ள சுவா ஏரி எப்போது உறைகிறது என்பதை அங்குள்ள ஷிண்டோ பூசாரிகள் 1443 முதல் எழுதி வருகிறார்கள். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றுதான். 1955 முதல் 2004 வரை 12. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் மட்டும் 5. எந்தக் கருவியும் இல்லாமல், தேதியை மட்டும் எழுதிக் கிடைத்த சான்று இது. நம் ஏரிகள் உறைவதில்லை. ஆனால் கரைப் புல்லில் முதல் உறைபனி விழும் நாள், கடைசியாக விழும் நாள், பாசி படரும் நாள், மீன் செத்து மிதக்கும் நாள் ஆகியவற்றை அதேபோல் எழுதலாம்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, இந்திய நேரம், அளந்தவர், கருவி எண், நீர்மட்டம், மேகம், காற்று, முந்தைய மூன்று நாள் மழை இருக்க வேண்டும். தவறான எண்ணை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அருகில் சரியானதை எழுதுங்கள். தாளில் ஒன்று, கணினியில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என மூன்று படி வையுங்கள்.

பத்தாண்டு ஆனதும் போக்கைக் கணக்கிட, முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் ஒப்பிடுவது தவறு. அவற்றில் ஒன்று எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) ஆண்டாக இருந்தால் முடிவே புரண்டுவிடும். பத்து ஆண்டுச் சராசரிகளில் 45 சோடிகள் அமையும். ஒவ்வொரு சோடிக்கும் வெப்ப வேறுபாட்டை ஆண்டு வேறுபாட்டால் வகுத்து, கிடைக்கும் 45 எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். ஓரிரு விபரீத ஆண்டுகள் இதை அசைக்காது. இருந்தாலும் பத்தாண்டு என்பது தொடக்கம்தான். பருவநிலைக்கு வானிலையாளர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 30 ஆண்டு.

சூடா, சாக்கடையா?

இந்த வேலையில் மிகக் கடினமானது இதுதான். பாசி படர்ந்ததும் ‘பருவநிலை மாற்றம்’ என்று சொல்லிக் கழிவுநீரை மறைப்பவர்களும் உண்டு. எல்லாம் கழிவுநீர்தான் என்று வெப்பத்தை மறுப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஏரிக்குத் தீங்கு.

நல்ல வழி இரட்டை ஏரி ஒப்பீடு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஊரும் விடுதிகளும் இருக்கின்றன. அதே மலையில் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம், பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. நுழைவே வனத்துறைக் கட்டுப்பாட்டில். வானம் இரண்டுக்கும் பொது, ஊர் ஒன்றுக்கு மட்டும். இரண்டிலும் புரளாத விடியல்கள் சேர்ந்து கூடினால் அது வெப்பத்தின் வேலை. கொடைக்கானலில் மட்டும் ஆக்ஸிஜன் குறைந்தால் ஊரைப் பார்க்க வேண்டும்.

ஓர் ஏரிக்குள்ளேயும் தடயம் உண்டு. ஓடை வந்து சேரும் வாயில் ஆக்ஸிஜன் குறைவாகவும் நடுவில் சரியாகவும் இருந்தால் கழிவுநீர். ஆழமான இடத்தின் அடியில் மட்டும், அதுவும் அடுக்கு பிரிந்து நின்ற நாள்களுக்குப் பிறகு குறைந்தால் தேக்கம். மழை பெய்த மறுநாளே தெளிவு பாதியாகி நீர் செம்பழுப்பானால் மேட்டுக் காய்கறித் தோட்டங்களிலிருந்து வந்த மண். மழையே இல்லாமல் வாரக்கணக்கில் மெல்லப் பச்சையானால் பாசி. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்: வந்து சேர்ந்த உரத்தை வெப்பம் வேலைசெய்ய வைக்கிறது. வெப்பத்தை ஊர் தனியாக நிறுத்த முடியாது. உரத்தையும் சாக்கடையையும் நிறுத்த முடியும். ஆகவே அளவுகளை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போகும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

பனியாற்று ஏரிகள்: படத்தில் அளப்பது

இமயமலையில் கதை வேறு. அங்கே பனியாறு உருகிப் பின்வாங்க, அது விட்டுச்சென்ற கல்மண் மேட்டுக்குப் பின்னால் நீர் தேங்கி ஏரி வளர்கிறது. 1990-க்கும் 2018-க்கும் இடையில் உலகின் பனியாற்று ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய பாதியளவு கூடியது. பனியாறு ஏரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை நீர் பால்போல் கலங்கிக் குளிர்ந்திருக்கும். பனியாறு விலகியபின் பாறைத்தூள் படிந்து, நீர் தெளிந்து, ஒளி ஆழம் வரை போய், ஏரி சூடேறிப் பாசி வளரத் தொடங்கும். வளரும் கட்டத்தில்தான் ஆபத்து. சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி 2023 அக்டோபரில் உடைத்துக்கொண்டு பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா மூன்றாம் நிலை அணையை அடித்துச் சென்றது.

பரப்பை அளக்க இலவசச் செயற்கைக்கோள் படங்கள் போதும்: 1984 முதல் லேண்ட்சாட் 30 மீட்டர்ப் புள்ளியில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் அகலம்), 2015 முதல் சென்டினல்-2 10 மீட்டர்ப் புள்ளியில். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் படத்தையே எடுங்கள்; மழைமேகம் விலகியிருக்கும், ஏரி இன்னும் உறைந்திருக்காது. படம் ஒளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பட்டையாக வரும்; பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். சென்டினல்-2-ல் அவை 3, 8-ஆம் பட்டைகள். லேண்ட்சாட் 8-ல் 3, 5. விடை சுழியத்துக்கு மேல் இருக்கும் புள்ளிகளைத் தண்ணீராக எடுத்துத் தொடங்கி, கண்ணால் பார்த்து எல்லையைச் சரிசெய்யுங்கள். கலங்கிய நீரில் எல்லை சுழியத்துக்குக் கீழேகூட இறங்கலாம். மலைநிழலும் தண்ணீர்போலவே தெரியும். உயர வரைபடத்தைக் கொண்டு சரிவான இடங்களை நீக்கினால் அது போய்விடும்.

பிழையையும் சேர்த்து எழுதுங்கள்: சுற்றளவைப் பாதிப் புள்ளி அளவால் பெருக்கினால் போதும். 1 சதுர கி.மீ. பரப்பும் 5 கி.மீ. சுற்றளவும் உள்ள ஏரிக்கு லேண்ட்சாட்டில் 7.5 விழுக்காடு, சென்டினலில் 2.5 விழுக்காடு. அதற்குள் அடங்கும் வளர்ச்சியை வளர்ச்சி என்று சொல்ல வேண்டாம்.

இதே படங்களின் வெப்பப் பட்டையைக் கொண்டு கொடைக்கானல் போன்ற சிறிய ஏரியின் வெப்பத்தை அளக்க முயல வேண்டாம். லேண்ட்சாட் 8-ன் வெப்பப் புள்ளி 100 மீட்டர். ஏரியின் குறுகிய கைகளில் கரையும் தண்ணீரும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். அங்கே கயிறும் வெப்பமானியும்தான்.